மீதி

அல்மாட்டியில் கிளம்பும்போதே மழை.
என் நீவா காரின் கூரைமேல்
ஒரு சலவை இயந்திரம், சுருட்டிய கம்பளம்,
கால்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டு ஒரு நாற்காலி.
அக்தாவில் எனக்கு வேலை,
கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில்.
மூவாயிரம் கிலோமீட்டர்.
தனியாகப் போகாதே என்று
அக்மரால் ஒரு பையோடு ஏறிக்கொண்டாள்.
திரும்பிப் போக அவளுக்கு ரயில் இருக்கிறது.

ஷிம்கெந்த் வரை எஞ்சின்தான் பேசியது.
அதன் பிறகு அவள்:
முன்னாள் கணவனின் குறட்டை,
மேலாளர் வீட்டுக்குத் தூக்கிப்போன பிரிண்டர்,
முலாம்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவர்கள்
எல்லோருமே சும்மா நடிக்கிறார்கள் என்பது.
பேசாதது ஒன்றுதான்.
அவள் தம்பியின் பல்லுக்காக நான் கொடுத்த
எண்பதாயிரம் டெங்கே.
ஐந்து வருடமாக நான் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பது அவளுக்குத் தெரியும்படி
கேட்காமலிருந்திருக்கிறேன்.

ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் அவளே இறங்கினாள்.
நான் பர்ஸைத் துழாவுவதற்குள்
"உட்கார், வெளியே காற்று" என்பாள்.
காற்று என்னவோ உண்மைதான்.
நாற்காலி கூரையில் முனகிக்கொண்டே வந்தது.

சிர்தாரியா ஓரம் எங்கேயோ
ஒரு ஒட்டகம் சாலையின் நடுவில் நின்றது,
பட்டா தன் பேரில் இருப்பதுபோல.
ஹாரன் அடித்தோம். இறங்கிக் கெஞ்சினோம்.
அக்மரால் ஒரு குர்த் உருண்டையை நீட்டினாள்,
தயிரைக் கல்லாகும்வரை காயவைத்த உப்பு உருண்டை.
அது முகர்ந்து பார்த்துவிட்டு
அவள் தொப்பியைத் தின்றது.
விலா வலிக்கச் சிரித்தோம்.
சிரிப்பு அடங்கிய இடத்தில்
இனி வேறு வேறு ஊர் என்பது
வந்து உட்கார்ந்துகொண்டது.

பைக்கனூரைத் தாண்டும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.
தொலைவில் பெரிய வட்டத் தட்டுகள்
வானத்துக்குக் காது கொடுத்து நின்றன.
நான் எழுப்பவில்லை.
ஏன் எழுப்பவில்லை என்று அரால்ஸ்க் வரை சண்டை.
இருநூறு கிலோமீட்டர் ஜன்னலோடு குடித்தனம் நடத்தினாள்.
கடல் விட்டுப்போன அந்த ஊரில்
ஒருத்தி புகைபோட்ட மீன் விற்றாள்.
எங்களிடம் இருந்தது ஒரே கத்தி.
அதை வாங்கிக் கொடுக்க, வாங்கிக் கொடுக்க
சண்டை எப்போது முடிந்ததென்று தெரியவில்லை.

அத்திராவுக்கு இந்தப் பக்கம், இரவில்
முன்விளக்கு இரண்டும் அணைந்தன.
அவள் புதர் தேடிப் போயிருந்தாள்.
நான் ஃபியூஸ் தேடி முன்னறையைத் திறந்தேன்.
ரப்பர் பேண்ட் போட்ட பெட்ரோல் ரசீதுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் அவள் கை:
எண்பதாயிரத்திலிருந்து
கழித்துக் கழித்து,
கடைசியில்
மீதி ஒன்பதாயிரத்து நானூறு.
ஒரு டேங்க். சரியாக ஒரே ஒரு டேங்க்.

இருட்டில் செருப்புச் சத்தம் வந்தது.
மூடிவிட்டேன்.
"கிடைத்ததா?" என்றாள்.
"கிடைத்தது" என்றேன், ஃபியூஸைக் காட்டி.

கணக்கு பைசலானவர்கள்
எப்படிப் பிரிவார்கள் என்று எனக்குத் தெரியும்.
கை குலுக்குவார்கள்.
பிறகு பண்டிகைக்கு ஒரு செய்தி,
பிறகு பண்டிகைக்கும் இல்லை.

பெய்னேவு. விடியவில்லை.
அவள் வாய் திறந்து தூங்கினாள்,
முன்னாள் கணவனுக்குச் சளைக்காத குறட்டை.
கதவைச் சத்தமில்லாமல் திறந்து
முழு டேங்க் நிரப்பினேன்.
ரசீதைக் காற்றிடம் கொடுத்தேன்.
அது வாங்கிக்கொண்டு உஸ்பெகிஸ்தான் பக்கம் ஓடியது.

வெயில் ஏறியபோது விழித்தவள்
முதலில் பார்த்தது முள்ளைத்தான்.
கடைசிவரை சாய்ந்து நின்றது.
என்னைப் பார்த்தாள்.
நான் சாலையைப் பார்த்தேன்; வளைவே இல்லாத சாலை,
அவ்வளவு கவனம் அதற்குத் தேவையில்லை.

நகத்தால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி
"முள் கெட்டுப்போச்சு போல" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.
"ரொம்ப நாளாகவே."